ஃபார்மேட் போட்டா சரியாயிரும் சார்

இஞ்சினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர் கம்பெனில ஆணி புடுங்கற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருந்திருக்கும். பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுல பையை வைக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டு மாமா வந்து நிப்பாரு. "கண்ணு, நம்மூட்டு பிரிண்டர் ஓட மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்." நமக்குத் தெரிஞ்சதெல்லாம் ஜாவாவும் எஸ்க்யூஎல்லும். ஆபீஸ்ல நம்ம பொட்டி மக்கர் பண்ணினா டிக்கெட் போட்டுட்டு டீ குடிக்கப் போற கூட்டம் நாம. அதைச் சொன்னா யாரு நம்பறாங்க? "அப்புறம் என்னத்தடா நாலு வருசம் படிச்சே?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. நியாயமான கேள்விதான், அதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை.

அதனால நான் ஒரு பொதுவான பதில் வச்சிருந்தேன். "தெரிஞ்ச ஆளு யாரையாவது கூப்பிட்டுக் காட்டிருங்க." இந்த ஒரு வரியால என்ன ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டுல இருக்கற கம்ப்யூட்டர் 2013 ஜூலைல, நான் காலேஜ் சேர்ந்தப்ப கோயமுத்தூர்ல அசெம்பிள் பண்ணி வாங்கினது. ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்னைக்கு அது எங்க தெருவுக்கே பெருமை. 2017ல எனக்கு வேலை கிடைச்சு சென்னைக்கு வந்ததும் அதை அப்பா எடுத்துக்கிட்டாரு. அப்பா கணக்கு வாத்தியார், அடுத்த வருசம் ரிடையர் ஆனாரு. ஈபி பில் கட்டறது, பேங்க் பேலன்ஸ் பாக்கறது, கோயில் கமிட்டி கணக்கை வானவில் எழுத்துருல டைப் அடிக்கறது, ராத்திரி யூட்யூப்ல பழைய பாட்டு. வேலை முடிஞ்சதும் மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. ராத்திரியெல்லாம் சும்மா கரண்ட் போகக்கூடாதாம். இந்த மெயின் சுவிட்ச் மேட்டரை ஞாபகம் வச்சுக்குங்க.

2023 நவம்பர்ல ஒரு நாள் போன் பண்ணினாரு. நான் மீட்டிங்ல இருந்தேன்.

"கண்ணு, பேங்க் சைட்டு தொறக்க மாட்டேங்குது. ஈபி சைட்டும் அப்படித்தான். என்னமோ சேஃப் இல்லைங்குது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாப்பா?"

"பண்ணிட்டேன். காலைல போட்டதும் கறுப்புல இங்கிலீஷ்ல என்னமோ எழுதி எஃப்1 அமுத்தச் சொல்லுது. மணி வேற தப்பாக் காட்டுது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, எஃப்1ஐ அமுத்திட்டுப் போங்க. வைரஸா இருக்கும். தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டிருங்க. நான் அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசலை. அந்த வாரம் ரிலீஸ். டேமேஜர் கழுத்துல கத்தி வச்சிருந்தாரு.

அப்பா கூப்பிட்ட ஆளு டவுன்ல கடை வச்சிருக்கற ஒரு தம்பி. அப்பாகிட்டயே எட்டாவதுல கணக்குப் படிச்சவன். அதனால "நம்ம பையன்". நம்ம பையன் வந்தான், உக்காந்தான், ரெண்டு நிமிசம் மவுஸை ஆட்டினான். "வைரஸ் ஏறியிருக்குங் சார். ஃபார்மேட் போட்டா சரியாயிரும்." முடிஞ்சது. கேள்வி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது.

இந்த ஃபார்மேட்டுங்கற வார்த்தை எங்க ஊர் கம்ப்யூட்டர் வைத்தியத்துல திருநீறு மாதிரி. காய்ச்சலுக்கும் அதுதான், கால் சுளுக்குக்கும் அதுதான். சத்தம் வந்தா ஃபார்மேட், சத்தம் வரலைன்னா ஃபார்மேட். ஃபேன்ல தூசி அடைச்சு சூடாகி தானா ஆஃப் ஆன கம்ப்யூட்டருக்கு ரெண்டு தடவை ஃபார்மேட் போட்ட கதை எங்க தெருவுலயே இருக்கு.

ஃபார்மேட் போட்டு, ஓடிக்கிட்டிருந்த விண்டோஸ் 10ஐ எடுத்துட்டு விண்டோஸ் 7 போட்டுட்டான். "பழைய மெசினுக்கு இதுதான் சார் ஸ்பீடா இருக்கும்." விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட தலை முழுகியாச்சு. 2023 பிப்ரவரியில இருந்து புது குரோமும் அதுல ஏறாது. வைரஸை ஓட்டறேன்னு சொல்லி வாசக் கதவைக் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கான். கூலி 500, ஆன்டிவைரஸ்னு ஒண்ணுக்கு 650. வானவில் எழுத்துரு போச்சு. பென் டிரைவ்ல இருந்த கோயில் கணக்கைத் தொறந்தா கொக்கி கொக்கியா என்னமோ வருது. அப்பா அதையே ரெண்டு நாள் மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாராம்.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாம் நல்லா ஓடுச்சு. மறுநாள் காலைல மறுபடியும் கறுப்பு ஸ்கிரீன், எஃப்1, பேங்க் சைட்டு தொறக்கலை.

ரெண்டாவது தடவை சிபியூவைக் கடைக்கே தூக்கிட்டுப் போயிட்டான். நாலு நாள் வச்சிருந்தான். நாலு நாளும் கடைல ஜம்முனு ஓடியிருக்கு. திரும்ப வந்து வீட்டுல மாட்டி, ஒரு ராத்திரி தாண்டினதும் மறுபடியும் அதே. "கடைல நல்லாத்தான் ஓடுச்சுங் சார். உங்கூட்டுக் கரண்ட்தான் சரியில்லை." அதனால புது எஸ்எம்பிஎஸ், 950. அதுக்கும் அடங்கலைன்னதும் யூபிஎஸ், 2,700. அப்பா என்ன பண்ணினாரு தெரியுமா? ராத்திரி ஆனா யூபிஎஸ்ஸையும் சேர்த்து அணைச்சாரு. அவ்வ்வ்.

கடைசியா தீர்ப்பு வந்துச்சு. "மதர்போர்டு போயிருச்சுங் சார். இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்குங்க." அப்பா எனக்குப் போன் போட்டு, யாரோ தவறிப்போன மாதிரி கொரலைத் தாழ்த்தி, "பொட்டி மாத்தோணுமாம் கண்ணு"ன்னாரு. 4,800 ரூபா செலவழிஞ்ச பொறவு.

2024 பொங்கலுக்குப் போனேன். போகி அன்னைக்குக் காலைல அப்பா கூடவே உக்காந்து முதல் தடவையா அந்தக் கறுப்பு ஸ்கிரீனை முழுசா படிச்சேன். சிமாஸ் செக்சம் எரர், எஃப்1ஐ அழுத்தினா தொடரும்னு போட்டிருந்துச்சு. அப்பா ரெண்டு மாசமா பக்தியோட அமுத்தின அதே எஃப்1. அமுத்தினோம். விண்டோஸ் வந்துச்சு. வலது கைப்பக்கம் மூலைல தேதியைப் பாத்தேன். 2013 ஜனவரி 1.

எனக்கு அடிவயித்துல ஒரு மாதிரி ஆயிருச்சு. காரணம் அவ்வளவு சின்னது.

மதர்போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032னு பேரு, 3 வோல்ட். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இல்லாத நேரத்துல தேதி, மணி, சில செட்டிங்ஸை மறக்காம வச்சிருக்கறது அதோட வேலை. சுவிட்ச் போர்டுல கரண்ட் இருக்கற வரைக்கும், கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணினாலும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து கொஞ்சூண்டு கரண்ட் வந்துக்கிட்டே இருக்கும், பேட்டரிக்கு அவ்வளவா வேலை வராது. மெயினையே அணைச்சா முழு பாரமும் பேட்டரி மேல. பத்து வருசமா ராத்திரி ராத்திரி அணைச்சதுல அது தீந்து போச்சு. அப்புறம் என்ன, ஒவ்வொரு நாள் காலைலயும் கம்ப்யூட்டருக்குப் பழசெல்லாம் மறந்து போயி, பிறந்த வருசத்துல முழிச்சுக்குது.

தேதி தப்பானா பேங்க் சைட்டு ஏன் தொறக்காது? அந்த சைட்டுங்ககிட்ட ஒரு சான்றிதழ் இருக்கும், இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு. 2013ல உக்காந்துக்கிட்டு 2023ல குடுத்த சான்றிதழைப் பாத்தா "இது இன்னும் பிறக்கவே இல்லையே"ன்னு பிரவுசர் கதவைச் சாத்திக்கும். விண்டோஸ் நெட்ல இருந்து மணியைத் தானா சரி பண்ணிக்கும்தான். ஆனா வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல போனா, நெட்டு சொல்றதை அது நம்பாது. இங்க வித்தியாசம் 11 வருசம். இதுல கொடுமை என்னன்னா, உங்க கடிகாரம் பின்னாடி இருக்குன்னு குரோமே இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல எழுதிக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அதையும் ஒருத்தரும் படிக்கலை.

கடைல ஏன் நல்லா ஓடுச்சுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். நம்ம பையன் கடைல மெயின் சுவிட்சை அணைக்கறதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வாட்ச் கடை ஒண்ணு. பேட்டரி 30 ரூபா. மாட்டி, தேதியைச் சரி பண்ணி, வேணும்னே மெயினை அணைச்சு, காபி குடிச்சுட்டு வந்து போட்டேன். நேரா விண்டோஸ் வந்துச்சு. பேங்க் சைட்டு தொறந்துச்சு. அப்பா ஸ்கிரீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"நான்தான் மணி தப்பாக் காட்டுதுன்னு அன்னைக்கே சொன்னனே கண்ணு."

சொன்னாரு. முதல் போன்லயே சொன்னாரு. நம்ம பையன்கிட்டயும் சொல்லியிருக்காரு. "அதை நான் செட் பண்ணி விட்டர்றேங் சார்"னு அவன் செட் பண்ணியும் விட்டிருக்கான். எனக்கும் அவனுக்கும் நடுவுல வித்தியாசம்னு பாத்தா, அவன் நேர்ல வந்தான், நான் அதுகூட பண்ணலை.

இது தனியா எங்க ஊர் வியாதின்னு நெனைச்சுக்காதீங்க. சென்னைல என் லேப்டாப் ஒரு தடவை ஸ்கிரீன் வராம போச்சு. கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன் எல்லாம் வச்ச பெரிய சர்வீஸ் சென்டர். டை கட்டின ஒருத்தர் லேப்டாப்பைத் தொறக்காமலேயே "மதர்போர்டு ரீப்ளேஸ்மென்ட், 18,000 ஆகும் சார்"னு எஸ்டிமேட் குடுத்தாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு ஃப்ரெண்டு சொன்னான்னு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு பெரியவர். எடுத்ததும் கேட்டாரு: "கீழ விழுந்துச்சா? தண்ணி கொட்டினியா? கடைசியா நல்லா ஓடினது எப்போ?" அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டாரு. ராமைக் கழட்டி, அந்தத் தங்கக் கலர் காலை ஸ்கூல் பிள்ளைங்க ரப்பரால அழுத்தித் தேச்சு, திரும்ப மாட்டினாரு. ஸ்கிரீன் வந்துச்சு. 200 ரூபா. பத்து நிமிசத்துல மூணு நிமிசம் கேள்விக்கே போச்சு.

திட்டறது சுலபம். நம்ம பையன் பக்கத்துலயும் கொஞ்சம் நின்னு பாத்தேன். அவனுக்கு ஒரு விசிட்டுக்குக் கிடைக்கறது 300, 500. "ரெண்டு மணி நேரம் உக்காந்து யோசிச்சேன், பேட்டரிதான் கோளாறு, பேட்டரிக்கு 30, யோசிச்சதுக்கு 500 குடுங்க"ன்னு சொன்னா எங்க ஊர்ல எத்தனை பேர் குடுப்பாங்க? எங்கப்பாவே குடுத்திருக்க மாட்டாரு. ஃபார்மேட் போட்டா ஒரு மணி நேரம் ஸ்கிரீன்ல என்னமோ ஓடும், வேலை நடக்கற மாதிரி தெரியும், காசு கேக்கலாம். சாமானை மாத்தினா அதுல கமிஷன். கண்டுபுடிக்கறதுக்குக் கூலியே கிடையாது, அப்புறம் யாரு கண்டுபுடிப்பா?

இதெல்லாம் இப்ப ஆற அமர எழுதறேன். அன்னைக்குப் பொங்கல் லீவுல இப்படி நியாயம் பேசற நெலமைல நான் இல்லை. ஏன்னா, பேட்டரி மாட்டின சந்தோசத்துல மை கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்தப்ப சி டிரைவ் மட்டும் இருந்துச்சு. டி டிரைவைக் காணோம்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க அம்மிச்சிக்கு, அதாங்க அம்மாவோட அம்மாவுக்கு, கதை சொல்ற வாய். 2013 ஏப்ரல்ல, பன்னெண்டாவது பரிச்சை முடிச்ச லீவுல, நான் ஒரு மாசம் அவங்க ஊர்ல கெடந்தேன். அப்பாவோட நோக்கியா பட்டன் போனை வச்சு அம்மிச்சி பேசினதை ரெக்கார்ட் பண்ணினேன். பெருசா ஒண்ணும் திட்டம் இல்லை, வெயில்ல பொழுது போகலை, அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது ரெக்கார்டிங். பண்ணாரி குண்டத்துக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போனது, அண்ணமார் கதை, கீழ்பவானி வாய்க்கால்ல முதல் தண்ணி வந்தன்னைக்கு ஊரே கரைல நின்னது, அம்மா பொறந்த கதை. கம்ப்யூட்டர் வாங்கினதும் முதல் வேலையா ப்ளூடூத்ல ஏத்தி டி டிரைவ்ல நியூ ஃபோல்டர் (2)ன்னு போட்டு வச்சேன். பேர்கூட வைக்கலை. அம்மிச்சி 2016ல போயிட்டாங்க. போன் அதுக்கு முன்னாலயே போயிருச்சு.

அந்த ஃபார்மேட்ல ஒரு நிமிசத்துக்கு 100 கேபி கூட ஆகாது. ஒன்பதும் சேர்ந்தா பத்து எம்பிகூட வராது. நெட்ல 15 ஜிபி எடம் சும்மா குடுக்கறான். ஒரு மெயில்ல எனக்கு நானே அனுப்பியிருந்தா முடிஞ்சது. பத்து வருசம் இருந்துச்சு அதைச் செய்யறதுக்கு. ஆபீஸ்ல நான் எழுதற கோடுக்கு தினமும் ராத்திரி பேக்கப் போகுது. ரெண்டு நாள்ல தூக்கிக் கடாசப் போற கோடுக்கு!

சட்டையை மாட்டிக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கு. நம்ம பையன் சின்னப்பையன், மிஞ்சிப் போனா இருபத்தி மூணு வயசு. மேசை மேல அஞ்சாறு சிபியூ வயித்தைத் தொறந்துக்கிட்டுக் கெடக்குது. சொன்னதும் முகம் வெளிறிப் போச்சு.

"ரெண்டாவது தடவை எல்லா பார்ட்டிசனையும் அழிச்சுட்டு ஒண்ணா போட்டேங்ணா. டி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் இருக்குங்களான்னு சார்கிட்ட கேட்டனுங்ணா. கோயில் கணக்கு பென் டிரைவ்ல இருக்குது, வேற ஒண்ணும் இல்லீன்னாரு."

போன் போட்டுக் கேட்டேன். அப்பா "ஆமா, கேட்டான், அப்படித்தான் சொன்னேன்"னாரு. அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லை. நியூ ஃபோல்டர் (2)ன்னா யாருக்குத் தெரியும்?

சண்டை அங்கயே படுத்துருச்சு. பேட்டரி விசயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தரையையே பாத்துட்டு, "இதை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலீங்ணா"ன்னான். பத்தாவதோட நின்னவன், ஈரோட்டுல ஒரு கடைல ரெண்டு வருசம் எடுபிடியா இருந்து கத்துக்கிட்டவன். அங்க முதலாளி என்ன செஞ்சாரோ அதையே இங்க இவன் செய்யறான். கல்லாவுல இருந்து 500 ரூபா எடுத்து நீட்டினான். வாங்கலை. வாங்கியிருக்கணுமோன்னு இப்பவும் சில சமயம் தோணுது.

கடையை விட்டு எறங்கறப்ப, "டிஸ்க்குல எடம் நெறைய இருந்துச்சுங்ணா, அதான் சாருக்குப் பழைய படமெல்லாம் ஏத்தி விட்டேன், ஃப்ரீயாத்தான்"னான். அவன் மனசாரச் செஞ்ச உபகாரம் அது ஒண்ணுதான். எனக்கு அதைக் கேட்டதும்தான் தலை சுத்துச்சு.

ஏன்னா, பார்ட்டிசனை அழிச்சாலும் உள்ள இருக்கற சரக்கு உடனே அழியாது. நோட்டுப் புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்ச மாதிரிதான். பக்கமெல்லாம் அப்படியே இருக்கும், எது எங்க இருக்குன்னு தெரியாது, அவ்வளவுதான். மேல புதுசா எழுதாத வரைக்கும் மீட்டுரலாம். (இது பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க் கதை. எஸ்எஸ்டின்னா அழிச்ச எடத்தை அதுவே துடைச்சு வச்சுரும், நம்பிக்கை ரொம்பக் கம்மி.) நம்ம பையன் அந்தக் காலிப் பக்கத்து மேல 60 ஜிபிக்குப் படத்தை எழுதியிருக்கான். பத்து எம்பி அம்மிச்சி மேல 60 ஜிபி படம்.

அன்னைக்கே கம்ப்யூட்டரை அணைச்சு, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, பனியன்ல சுத்தி சென்னைக்குக் கொண்டு வந்தேன். ஒரு யூஎஸ்பி டப்பாவுல போட்டு லேப்டாப்ல சொருகி, ஃபோட்டோரெக்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, அதை ஓட விட்டேன். முக்கியமான விசயம், மீட்கறதை அதே டிஸ்க்குல சேவ் பண்ணிடாதீங்க, வேற டிஸ்க்குல பண்ணணும். இல்லைன்னா மீட்க வந்த நாமளே மிச்சத்தையும் அழிச்சிருவோம். ராத்திரி முழுக்க ஓடுச்சு. விடிகாலைல பாத்தா பல்லாயிரம் ஃபைல். ஒண்ணுக்கும் பழைய பேர் கிடையாது, எல்லாம் எஃப் போட்டு ஒரு நம்பர். பாதிக்கு மேல பிரவுசர் சேத்து வச்ச குட்டிப் படங்க, ஐகான், என் காலேஜ் அசைன்மென்ட், எவனோ அனுப்பின குட் மார்னிங். அதுல ஆடியோவை மட்டும் பிரிச்சு ஒவ்வொண்ணா தட்டிக் கேட்டேன். மூணு ராத்திரி.

நாலு கிடைச்சுது. ஒன்பதுல நாலு. அதுலயும் ஒண்ணு பாதி.

முதல் ஃபைல்ல கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம், அப்புறம் அம்மிச்சி கொரல்: "அதென்ன சாமி, போனை மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு?" நான் சிரிக்கறது கேக்குது. பதினேழு வயசு கொரல், கொஞ்சம் கீச்சுன்னு. ரூம்மேட்டு எழுந்துரக்கூடாதுன்னு பாத்ரூமுக்குள்ள போயி உக்காந்து கேட்டேன்.

வாய்க்கால்ல தண்ணி வந்த கதை முழுசா இருக்கு. பண்ணாரியும் இருக்கு. அண்ணமார் கதை மூணு பாகமா ரெக்கார்ட் பண்ணினதுல கடைசிப் பாகம் மட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போயி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து திண்ணைல உக்காந்தாங்க. முந்தானைல கையைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாங்க, அப்புறம் தொடைக்கறதையும் விட்டுட்டாங்க. நாலாவது ஃபைல் அம்மா பொறந்த கதை. ஐப்பசி மழை, மாட்டுச்சாளைல தண்ணி, மருத்துவச்சியைக் கூட்டிக்கிட்டு வர அப்புச்சி வண்டி பூட்டிக்கிட்டுப் போனது. "வண்டி பள்ளத்தைத் தாண்டறதுக்குள்ள உங்கம்மா"ங்கற எடத்துல கரகரன்னு ஒரு சத்தம், அதோட நின்னு போச்சு.

அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாங்க. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டாங்க. "அப்புறம் என்ன கண்ணு சொன்னாங்க? நீதான் பக்கத்துல இருந்தியே."

எனக்கு ஞாபகம் இல்லை. அன்னைக்கு ரெக்கார்ட் ஆகுதான்னு போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப அந்த நாலு ஃபைலும் என் மெயில்ல, அம்மா போன்ல, தம்பி லேப்டாப்ல, பீரோவுல ஒரு பென் டிரைவ்லன்னு நாலு எடத்துல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்கேன், தமிழ்லயே. மிச்ச அஞ்சுக்காக அந்த டிஸ்க்கை இன்னும் ரெண்டு மென்பொருள் வச்சுக் கொடைஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் தேறலை.

ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்ட ஊருக்குக் கொண்டு போனப்ப, எல்லாத்தையும் வழிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றேன்னு அப்பாகிட்ட சொன்னேன். அந்தப் படங்களைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, மொதல்ல அதை அழிக்கணும்.

அப்பா வேகமா வந்து கீபோர்டு மேல கையை வச்சுட்டாரு. "அழிச்சுப் போடாத கண்ணு. பாதிதான் பாத்திருக்கறேன்."